ஆபத்துக்குச் சம்பளம் உண்டா?

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் துண்டு. சிலர் அரைத் தூக்கத்திலேயே வண்டி ஏறுகிறார்கள். சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறுகிறார்கள். பங்காரப்பேட்டையைத் தாண்டும்போது நிற்கவும் இடம் இருப்பதில்லை. ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தூரத்தில் பெங்களூர். இரவு வீடு திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, மறுநாள் மீண்டும் அதே வண்டி.

காவல் வேலை, கட்டட வேலை, மின்சார வேலை, கணக்கு எழுதும் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று இவர்கள் செய்யாத வேலை இல்லை. இவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் வேலைக்காக ரயில் ஏறவில்லை. அவர்கள் ஏறியது இரும்புக் கூண்டு. அந்தக் கூண்டு பூமிக்குள்ளே இறங்கியது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு மூடப்பட்டன. அதுவரை அந்த ஊர் உலகத்தின் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்றைச் செய்தது.

அந்த ஆபத்துக்கு ஏற்ற கூலி அவர்களுக்குக் கிடைத்ததா? இன்று சாரத்தில் ஏறுகிறவருக்கும், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவருக்கும், மின்கம்பத்தில் தொங்குகிறவருக்கும் கிடைக்கிறதா? சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தராசுக் கணக்கு

"கஷ்டமான வேலைக்குக் கூலி அதிகம் கிடைக்கும்" என்பது பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லும் பாடம். இதை முதலில் விரிவாக எழுதியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித். ஆண்டு 1776. ஒரு வேலை சுலபமா கடினமா, சுத்தமா அழுக்கா, மதிப்பானதா மதிப்புக் குறைந்ததா என்பதைப் பொறுத்துக் கூலி மாறும் என்றார் அவர். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் நிலக்கரி வெட்டுகிறவர், சாதாரணக் கூலிக்காரரைப் போல இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார் என்று உதாரணமும் காட்டினார்.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் காசு. ஆபத்து ஏறினால் காசும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவான். முதலாளி வேறு வழியின்றிக் கூலியை உயர்த்துவார். இதுதான் கணக்கு.

ஆனால் எல்லா ஆபத்தும் கூலியை உயர்த்துவதில்லை என்று அதே ஸ்மித் எழுதியிருக்கிறார். கடலுக்குப் போகும் இளைஞன் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிப் போகிறான். ஆபத்தே அவனை இழுக்கிறது. அதனால் கப்பல்காரரின் கூலி அவர் படும் ஆபத்துக்குத் தக்கபடி உயரவில்லை என்பது அவர் கண்ட உண்மை.

இன்றைய பட்டியல்களும் இந்தத் தராசைச் சந்தேகிக்க வைக்கின்றன. எந்தத் தொழிலில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் கணக்கு எடுக்கிறார்கள். 2023-ல் எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால், லட்சம் பேருக்கு 3.5 பேர் வேலையில் இறந்தார்கள். மரம் வெட்டும் தொழிலில் மட்டும் லட்சத்துக்குச் சுமார் 99. மீன்பிடிக்கிறவர்களும் கூரை போடுகிறவர்களும் அடுத்த வரிசைகளில் வருகிறார்கள். விமானம் ஓட்டுகிறவர்களும், குப்பை அள்ளுகிறவர்களும் ஒரே பட்டியலில் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். இருவருக்கும் ஆபத்து உண்டு. இருவருடைய சம்பளமும் ஒன்றா?

10 ஆயிரம் அடிக்குக் கீழே

தங்கவயல் கதைக்கு வருவோம்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. அடுத்த 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. காவிரி நீரில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து 1902-ல் கம்பி இழுத்தபோது, அந்த மின்சாரம் முதலில் போனது மைசூர் அரண்மனைக்கு அல்ல, தங்கவயலுக்கு. அவ்வளவு பெரிய தொழில்.

அந்தத் தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். மிகப் பலர் ஆதிதிராவிடர்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடி ஆழத்தையும் தாண்டிப் போனது. அதாவது 3 கிலோ மீட்டருக்கும் மேல். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும்.

சூட்டை விடக் கொடியது "ராக் பர்ஸ்ட்" என்ற பாறை வெடிப்பு. பூமியை ஆழமாகக் குடையும்போது மேலே உள்ள மலையின் பாரம் முழுவதும் மிச்சமிருக்கும் பாறையின் மீது இறங்கும். ஒரு கட்டத்தில் பாறை தாங்காமல், வெடிமருந்து வைத்ததுபோலச் சிதறும். எப்போது சிதறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய வெடிப்பு நடந்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் ஆடும். உடனே பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை அந்த ஊரில் அடுப்பு எரியாது.

வேலைக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு போட்டி வைத்தால், இந்த வேலை முதல் வரிசையில் நிற்கும். தராசுக் கணக்குப்படி கூலியும் முதல் வரிசையில் இருந்திருக்க வேண்டும்.

வாசலில் நின்ற வரிசை

அப்படி இருக்கவில்லை. தங்கவயலில் சம்பளம் ஆபத்தின் படிக்கட்டில் ஏறவில்லை. வேறு ஒரு படிக்கட்டில் ஏறியது. உச்சியில் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப், விளையாட்டு மைதானம். அதனால் அந்த ஊருக்குக் "குட்டி இங்கிலாந்து" என்றே பெயர். அடுத்து ஆங்கிலோ இந்தியர்கள். அடித்தட்டில், பாறைக்கு மிகப் பக்கத்தில், துளை போட்டவரும் கல் அள்ளியவரும். அவர்களுக்கு மூங்கில் தட்டியும் தகரமும் வைத்த ஓர் அறை லைன் வீடு. பாறைக்கு நெருங்க நெருங்கக் கூலி குறைந்தது.

பலர் கம்பெனியின் நேரடி ஆட்களும் அல்ல. காண்டிராக்டரின் ஆட்கள். கூலி பேசுகிறவர் ஒருவர், வேலை வாங்குகிறவர் ஒருவர், ஆபத்தில் நிற்கிறவர் இன்னொருவர்.

அப்படியானால் ஏன் போனார்கள்?

பசி ஒரு காரணம். மழை பொய்த்த கிராமத்தில் பண்ணைக் கூலியாக அரை வயிறு கஞ்சி குடித்தவனுக்குச் சுரங்கத்தின் காசுக் கூலி பெரிது. பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது இன்னொரு காரணம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்பது மூன்றாவது காரணம். கிராமத்தில் இருந்தால் பசியும் அவமானமும் நிச்சயம். சுரங்கத்தில் சாவு வந்தாலும் வரும், வராமலும் போகும். அவர்கள் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. இரண்டு ஆபத்துகளை எடை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கம்பெனிக்கும் அது தெரியும். சுரங்க வாசலில் இன்று ஒருவன் வேண்டாம் என்று போனால், நாளை அந்த இடத்துக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆகவே கூலி, ஆபத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படவில்லை. வாசலில் நின்ற வரிசையின் நீளத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டது. "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தவனுக்குத்தான் ஆபத்துக்கு விலை கிடைக்கும். சொல்ல முடியாதவனுக்கு ஆபத்து மட்டும் கிடைக்கும்.

அவர்கள் "வேண்டாம்" என்று சொன்ன நாளும் உண்டு. 1930-ல் கம்பெனி புதிய பதிவு முறை என்று சொல்லித் தொழிலாளர்களின் கைரேகை எடுக்க முயன்றது. "நாங்கள் என்ன கைதிகளா?" என்று அவர்கள் கொதித்தார்கள். 21 நாட்கள் வேலை நிறுத்தம் நடந்தது. அப்போது மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது. அது 1940-களில்தான் வந்தது. எழுத்தறிவில்லாத ஆட்கள் என்று நினைக்கப்பட்டவர்கள், சங்கமே இல்லாத காலத்தில், மானத்துக்காக ஒன்றாக நின்றார்கள்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

பாறை வெடிப்பில் சாவு ஒரு நொடி. இன்னொரு சாவு 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வந்தது.

தங்கம் இருந்த பாறையில் சிலிக்கா அதிகம். துளை போடும்போது அது தூளாகி மிதக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போகும். போனது திரும்பி வராது. அந்த இடத்தில் தழும்பு விழுந்து நுரையீரல் மெல்ல மெல்ல இறுகும். முதலில் இருமல், பிறகு மூச்சு வாங்கல். படியேற முடியாது, பிறகு நடக்க முடியாது. காச நோயும் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் சிலிக்கோசிஸ். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை.

1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு இந்த நோய் இருந்தது. ஏறத்தாழ இரண்டில் ஒருவர்.

தராசுக் கணக்கு இங்கே முற்றிலும் உடைந்துபோகிறது. ஆபத்துக்கு விலை பேச வேண்டுமானால் ஆபத்து தெரிய வேண்டும். 20 வயதில் வேலைக்குச் சேரும் பையனுக்குத் தன் நெஞ்சுக்குள் 40 வயதில் என்ன இருக்கும் என்று தெரியாது. கூலி சனிக்கிழமை வந்துவிடும். நோய் ஓய்வு பெறும் வயதில் வரும். அப்போது "வயசாச்சு, மூச்சு வாங்குது" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். இந்த நோயைத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் சேர்த்திருந்தது. நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இது உண்டு. ஆனால் நோய் என்று நிரூபிக்க மார்பு எக்ஸ்ரே வேண்டும். வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். காண்டிராக்டரிடம் வேலை செய்தவருக்குச் சான்று எங்கே கிடைக்கும்?

இன்று கல் குவாரியிலும், கல் பட்டறையிலும், டைல்ஸ் அறுக்கும் இடத்திலும் அதே தூள்தான் பறக்கிறது. பெங்களூரின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கிரானைட் அறுக்கும் பையன் முகத்தில் கட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை. அது கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் தடுக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் அடங்கும். அதற்குச் செலவு கூலி உயர்வை விடக் குறைவு. ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை.

87 ரூபாய்

அரசாங்கமாவது ஆபத்துக்குத் தனி விலை வைத்திருக்கிறதா? ஓர் இடத்தில் வைத்திருக்கிறது.

சுரங்கத் தொழிலுக்கு மத்திய அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும்போது "தரைக்கு மேல்", "தரைக்குக் கீழ்" என்று இரண்டு விகிதம் போடுகிறது. 2017-ல் போட்ட அடிப்படைக் கணக்கில் தனிப் பயிற்சி இல்லாத தொழிலாளருக்குத் தரைக்கு மேல் நாளொன்றுக்கு 350 ரூபாய். தரைக்குக் கீழே 437 ரூபாய். வித்தியாசம் 87 ரூபாய். பஞ்சப்படி சேர்ந்து தொகை பிறகு உயர்ந்தது. ஆனால் பூமிக்குள் இறங்குவதற்கு அரசாங்கம் எழுத்தில் போட்ட விலை அந்த 87 ரூபாய்.

கூலி உத்தரவுகளில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் இருக்கும். திறன் உண்டா, இல்லையா? ஊர் பெரியதா, சிறியதா? தரையில் நின்று செங்கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாளுக்கும், பத்தாவது மாடிச் சாரத்தில் நின்று அதைக் கை நீட்டி வாங்குகிறவருக்கும் உத்தரவில் உயரத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை. மின்சார வேலையிலும் இதே கதை. ஒரே கம்பத்தில் நிரந்தர ஊழியரும் ஏறுகிறார், காண்டிராக்டு ஊழியரும் ஏறுகிறார். கம்பியில் ஓடும் மின்சாரம் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. சம்பளப் பட்டியல் அப்படிப் பார்ப்பதில்லை.

பனிமலைக்கு ஒரு கணக்கு

ஆபத்தை அளக்க முடியாது, அதனால் விலை வைக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான 7-வது சம்பளக் கமிஷன் இதற்கென்றே ஒரு கட்டம் போட்டது. ஒரு பக்கம் அபாயம், ஒரு பக்கம் கஷ்டம். இரண்டும் அதிகமாக அதிகமாகப் படியும் அதிகம். அந்தக் கட்டத்துக்கும் மேலே தனியாக வைக்கப்பட்டது சியாச்சின் பனிமலை.

சியாச்சினில் நிற்கும் ஜவானுக்கு மாதம் 14 ஆயிரம் ரூபாயாக இருந்த படி, 2017-ல் 30 ஆயிரமாக உயர்ந்தது. அதிகாரிக்கு 21 ஆயிரத்திலிருந்து 42 ஆயிரத்து 500. உயிரைப் பணயம் வைத்து எல்லையில் நிற்கிறவருக்கு இது தகும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. இதில் தெரிய வேண்டியது வேறு. நாடு மனம் வைத்தால் ஆபத்தை அளக்கலாம், விலை வைக்கலாம், உயர்த்தவும் செய்யலாம்.

அந்தப் பனியிலும் ஜவானுக்கு ஒரு தொகை, அதிகாரிக்கு ஒரு தொகை என்பதையும் கவனிக்க வேண்டும். குளிர் இருவருக்கும் ஒன்றுதான்.

இரண்டு பேர் இறங்குகிறார்கள்

மும்பைக்கு அப்பால் கடலில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. கடலடியில் குழாய் இணைக்க முக்குளிப்போர் இறங்குகிறார்கள். கப்பலில் அழுத்தம் ஏற்றிய அறைக்குள்ளேயே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். மேலே ஒரு குழு அவர்களுடைய ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் மிக அதிகம். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலர். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் வேலை நின்றுவிடும்.

நகரத்துத் தெருவில் இன்னொருவர் இறங்குகிறார். பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆபத்து இல்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனோ மச்சானோ அவர் மேலேயே விழுவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான்.

மூச்சுக் காற்று இல்லாத இடத்தில்தான் இருவரும் வேலை செய்கிறார்கள். ஒருவருக்குக் காற்று குழாயில் வருகிறது, சம்பளம் வங்கியில் விழுகிறது. மற்றவருக்குக் காற்றும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. 2019 முதல் 2023 வரை சாக்கடை, மலக்குழி சுத்தம் செய்யும்போது 377 பேர் இறந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2022, 2023-ல் நடந்த 54 மரணங்களை அரசு ஆராய்ந்தது. அவற்றில் 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் கொடுக்கப்படவில்லை.

இறங்குகிறவர் யார் என்பதை அநேகமாகப் பிறப்பே தீர்மானித்துவிடுகிறது. இதை எதிர்த்து நாடு முழுவதும் போராடியவர்களில் முன்னால் நிற்கும் பெஜவாடா வில்சன், 1966-ல் இதே தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2016-ல் மகசேசே விருது பெற்றவர். தங்கம் எடுத்த ஊரில், மலம் அள்ளும் வேலையும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய இயக்கம் போட்ட வழக்கில்தான் 2014 மார்ச் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20-ந் தேதி வேறு ஒரு வழக்கில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

இறந்த பிறகும் அதே கணக்கு

மற்றத் தொழில்களில் விபத்து நடந்தால் என்ன கிடைக்கும்? 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் ஒரு கணக்கு வைத்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதே வழியைப் பின்பற்றுகிறது.

இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதி. அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 40 வயதுக்கு 184.17. கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது மாதம் 15 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

40 வயதில் 15 ஆயிரம் சம்பளத்தில் ஒருவர் இறந்தால் 13 லட்சத்து 81 ஆயிரத்து 275 ரூபாய். அதே வயதில், அதே சாரத்திலிருந்து, 10 ஆயிரம் சம்பளக்காரர் விழுந்தால் 9 லட்சத்து 20 ஆயிரத்து 850 ரூபாய்.

ஆபத்தான வேலைக்குக் குறைந்த கூலி கொடுத்தால், அந்தக் குறை மாதாமாதம் மட்டும் அல்ல, சாவிலும் தொடர்கிறது. உயிரோடு இருந்தபோது குறைவாகக் கொடுத்தார்கள் என்பதே இறந்த பிறகும் குறைவாகக் கொடுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. சாக்கடை மரணங்களுக்குச் சம்பளத்தைப் பார்க்காமல் ஒரே தொகை என்று கோர்ட்டு வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

பேரேட்டில் எழுதும் கை

இந்த இடத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

பல இடங்களில் கொடுக்கும் சம்பளம் ஒன்று, பேரேட்டில் எழுதும் சம்பளம் வேறு. பிராவிடண்ட் பண்டு குறையும் என்பதற்காக 14 ஆயிரம் வாங்குகிறவருக்கு 8 ஆயிரம் என்று எழுதச் சொல்வார்கள். தொழிலாளியும் "கையில் வருவது குறையவில்லையே" என்று கையெழுத்துப் போடுவார். விபத்து நடந்த பிறகுதான் அந்தக் கையெழுத்தின் விலை தெரியும். 40 வயதுக்காரருக்கு 14 ஆயிரம் என்றால் 12 லட்சத்து 89 ஆயிரத்து 190 ரூபாய். 8 ஆயிரம் என்றால் 7 லட்சத்து 36 ஆயிரத்து 680. ஒரு வரி எழுத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சத்து 52 ஆயிரத்து 510 ரூபாய் போய்விடுகிறது.

ஆகவே வெளி மாநிலத்தில் வேலை செய்கிறவர்கள் சிலவற்றை மறக்கக்கூடாது. புதிய சட்டத்தொகுப்புகளின்படி வேலை நியமனக் கடிதம் கேட்டு வாங்க ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு. சம்பளச் சீட்டை ஊரில் மனைவியிடமோ பெற்றோரிடமோ ஒரு நகல் கொடுத்து வைக்க வேண்டும். விபத்து நடந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. குடும்பம் வசிக்கும் இடத்திலேயே போடலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும். மாரிக்குப்பம் வண்டியில் படிக்கட்டில் நின்று வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கூலியை விடப் பெரியது

ஆபத்தான வேலைக்கு அதிகக் கூலி கேட்பது நியாயம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அதுவும் ஓர் ஏமாற்று ஆகிவிடும். "நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன், பெல்ட் இல்லாமல் ஏறு" என்று சொல்கிறவர் ஆபத்துக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பெல்ட்டின் விலையை மிச்சம் பிடிக்கிறார். தண்ணீர் விட்டுத் துளை போட்டால் அடங்கும் தூளுக்கு, தூசிப்படி கொடுத்துப் பயன் என்ன? நெஞ்சுக்குள் போன கல் காசைக் கண்டு வெளியே வராது.

முதலில் ஆபத்தைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாத மிச்சத்துக்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலையைப் பேசும் பலம் தொழிலாளியிடம் இருக்க வேண்டும். கையில் ஒரு தொழில், பின்னால் ஒரு சங்கம், ஊரில் பட்டினி இல்லாத ஒரு வீடு. இந்த மூன்றும் இருந்தால்தான் ஒருவனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியும். பாதாளச் சாக்கடைக்குச் சட்டம் சொல்லும் வழியும் கூலி உயர்வு அல்ல. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

தங்கவயலில் சுரங்கம் மூடி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், "சைனைடு மலை" என்ற பெயரில் குன்று குன்றாக இன்னும் நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் பறந்து லைன் வீடுகளின் கூரையிலும், சோற்றுப் பானையிலும், குழந்தைகளின் தலையிலும் படிகிறது. அன்று அந்தத் தூசிக்கு நடுவே நின்றவர்களுக்குக் குறைந்த கூலியாவது கிடைத்தது. இன்று அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இரவு வண்டி மாரிக்குப்பத்துக்குத் திரும்பி வருகிறது. இறங்குகிறவர்கள் அந்தக் குன்றுகளின் ஓரமாகத்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள். காலையில் போனவர் மாலையில் முழுசாகத் திரும்பி வருவதுதான் எந்த வேலைக்கும் முதல் சம்பளம். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.